மில் காட்டுக் கையெழுத்துகள்

எங்கள் ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காரமடையிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். பட்டா, வரி ரசீது, பிறப்பு, இறப்பு என்று எந்தக் காகிதமானாலும் என் கடைக்கு வந்துவிட்டுத்தான் எதிரே இருக்கும் படியேறும். மில் காட்டைப் பற்றிய அறிவிப்பையும் அப்படித்தான் முதலில் பார்த்தேன். அலுவலக உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து ஆறு நகல் கேட்டார். எடுத்துக்கொண்டே படித்தேன். மூடிக் கிடக்கும் நூல் மில்லின் நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றித் தரும்படி ஒரு கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று இருந்தது. கடைகள், சினிமா தியேட்டர், தங்கும் விடுதி எல்லாம் சேர்ந்த ஐந்து மாடி வளாகம்.

மில்லைச் சுற்றியிருந்த காலி நிலத்தைத்தான் நாங்கள் மில் காடு என்போம். அதற்கு ஒரு பக்கம் எங்கள் கடைவீதி. மறுபக்கம் காலனி. காலனிக்கும் மில் காட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் போகிறது. மற்ற நாளில் வெறும் மணல், மழை பெய்தால் மேற்கேயிருந்து வரும் தண்ணீர் எல்லாம் அதில்தான் ஓடும். காலனிக்காரர்கள் பள்ளத்தைத் தாண்டி மில் காட்டுக்குள் நடந்து நடந்தே ஒரு தடம் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அதுதான் வழி.

அன்று மதியமே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடைவீதியில் அவர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆணி, பூட்டு, பைப், பெயின்ட். அந்த வாரத்திலேயே கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, எதிர்ப்புக் கமிட்டி என்று ஒன்று ஆரம்பித்து, அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். இத்தனை பெரிய வளாகம் வந்தால் கடைவீதியில் ஒரு கடை தப்பாது, போர்க்குழாயில் தண்ணீர் இருக்காது, ரோட்டை அகலமாக்குகிறேன் என்று முன்வாசல்களை இடிப்பார்கள் என்று ஆளுக்கொரு பயம். காலனியிலிருந்து வந்தவர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் பேச்சை நிறுத்தி, நாற்காலி காலியாக இருக்கும்போது ஏன் நிற்கிறீர்கள், வந்து உட்காருங்கள் என்றார். அந்த மண்டபத்தில் அதற்கு முன் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவரைக் கட்டிக்கொண்டதற்காக நான் பெருமைப்பட்ட நாட்களில் அது ஒன்று. அது பொய்யில்லை.

அங்கே முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தது பால்வாடி டீச்சர். காலனி அங்கன்வாடியை நடத்துபவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கல்யாணம் ஆகி மூன்று வருடத்தில் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட, அப்பாவோடு காலனியிலேயே இருந்தாள். குழந்தைகளின் எடை, உயரம் எழுதும் பதிவேட்டை நகலெடுக்க மாதம் இரண்டு முறையாவது கடைக்கு வருவாள். வந்தால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். நானும் பேசுவேன். ஆனால் எட்டு வருடப் பழக்கத்தில் அவள் கடையின் மேசைக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறாள். என் வீடு நான்கு கடை தள்ளித்தான். வா என்று நான் கூப்பிட்டதில்லை. எங்கள் தெருவில் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

ஆட்சேபணை மனுவுக்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போக வேண்டும், பெண்கள் போனால் நல்லது என்று கமிட்டியில் சொன்னார்கள். கடைவீதியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காலனிக்கு யார் என்று கேட்டபோது நான் போகிறேன் என்றேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். பள்ளத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் டீச்சர் என் கூடவே வந்தாள். எந்த வீட்டிலும் முதலில் என்னை உட்காரச் சொல்லத் தயங்கினார்கள். நான் உட்காருவேனோ மாட்டேனோ என்ற தயக்கம். அவளே பாயை உதறிப் போட்டு, "உக்காருங்க்கா" என்று என் தோளைப் பிடித்து அழுத்திவிடுவாள். அப்புறம் பேச்சு தானாக வந்துவிடும். வளாகம் வந்தால் தடத்தை மூடிவிடுவார்கள், பள்ளத்தை மறித்துவிட்டால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று அவர்கள் கேட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றாத கேள்விகள். நானே பக்கத்தில் ஒரு தாள் வைத்து எழுதிக்கொண்டேன்.

அவளுடைய அப்பா அந்த மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி, பேசும்போதே மூச்சு இளைக்கும். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் காலனிக்காரர் என்றால் அந்த வயதுக்காரர்களையும் பேர் சொல்லி ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். "ஐயா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன். என் காதுக்கே புதிதாக இருந்தது. அவர் பேனாவை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. முழுசாப் படிச்சுக் காட்டிப்போடுங்க. மில்லு மூடறப்ப ஒருதடவை படிக்காம போட்டுப்போட்டுப் பட்டுட்டனுங்க."

முழு மனுவையும் வாசித்தேன். கடைசியில், "ஆகவே மேற்படி வளாகம் எங்கள் ஊருக்கு வேண்டாம்" என்ற வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

இரண்டு செட் வாங்கினோம். ஒன்று கலெக்டர் ஆபீசுக்கு, ஒன்று எங்கள் கையில் இருப்பதற்கு. இரண்டாவது செட்டை அங்கன்வாடியில் தரையில் பரப்பி வைத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, சத்துமாவு தின்றுகொண்டிருந்த ஒரு பெண் குழந்தை தவழ்ந்து வந்து ஒரு தாளின் ஓரத்தில் உள்ளங்கையை அழுத்திவிட்டது. ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிட்டன. நான் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனேன். டீச்சர் சிரித்துக்கொண்டே தடுத்துவிட்டாள். "உடுங்க்கா, அவளும் போட்டுட்டுப் போறா. நாளைக்குப் பள்ளிக்கூடம் போக அவளுக்கும்தான அந்தத் தடம் வேணும்" என்றாள்.

திங்கட்கிழமை ஒரு வேன் பிடித்து, கடைவீதிக்காரர்களும் காலனிக்காரர்களும் ஒன்றாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். வரிசையில் நின்று மனுவைக் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கொண்டுவந்த தக்காளி சாதத்தை நான் எடுத்துத் தின்றேன். என் டப்பாவில் அவள் கையை விட்டு எடுத்துத் தின்றாள். வரும்போது வேனில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுக்கு முந்தின நாளே மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அரசு சம்பளம் வாங்கிக்கொண்டு இதிலெல்லாம் நிற்கக் கூடாது என்று. அதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. பிற்பாடு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு மாதம் ஏதும் நடக்கவில்லை. அப்புறம் கம்பெனியிலிருந்து கமிட்டிக்காரர்களைக் கோயமுத்தூருக்குப் பேச அழைத்தார்கள். என் வீட்டுக்காரரோடு கடைவீதிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் போனார்கள். காலனியிலிருந்து யாரையும் அழைத்துப் போகவில்லை. காரில் இடமில்லை என்று சொன்னார். திரும்பி வந்தவர் முகத்தில் மாதக்கணக்கில் இருந்த இறுக்கம் இல்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன். கடைவீதியைத் தொடமாட்டார்களாம். ரோட்டை அகலமாக்குவது வேறு பக்கமாம். நுழைவாயிலையும் தள்ளிவைத்துக்கொள்வார்களாம். தரைத்தளத்தில் முன்வரிசைக் கடைகள் எங்கள் தெருக்காரர்களுக்கே என்று சொல்லியிருக்கிறார்கள்.

தடம் என்ன ஆகும் என்று கேட்டேன். அதெல்லாம் பேசிக்கொள்ளலாம் என்றார். பள்ளம் என்றேன். குழாய் போட்டுவிடுவார்கள் என்றார். பதில் சொல்லும்போது கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடித்த பிறகும்.

மறுநாள் காலை கடைக்கு வந்து, காலனிக் கையெழுத்துத் தாள்கள் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மனு வேண்டாம், கையெழுத்துப் பக்கங்களை மட்டும் ஒரு செட் நகலெடுத்துக் கொடு என்றார். எதற்கு என்று கேட்டேன். கமிட்டி ஃபைலுக்கு என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். கமிட்டி ஃபைல் என் கடை அலமாரியிலேயேதான் இருந்தது. மனுவை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் எடுத்துப் போகிறவர் அதை எதற்கு எடுத்துப் போவார் என்பது இத்தனை வருடம் இந்தத் தொழில் பார்ப்பவளுக்குத் தெரியாதா? ஆனாலும் தெரியாதவள் போலவே ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்து மூடினேன். குழந்தையின் கை பதிந்த தாள் வெளியே வந்தபோது, ஐந்து விரலும் சாம்பல் நிறத்தில் தெளிவாக விழுந்திருந்தன. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு மற்றதோடு சேர்த்துத் தட்டி நேராக்கிக் கொடுத்துவிட்டேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் அதே கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள் இருவர். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். டீச்சர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவையும் ஆட்டோவில் கூட்டி வந்திருந்தாள். பேச வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். என்னிடம் காட்டி, எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாள். பார்த்துவிட்டு இல்லை என்றேன். அதற்கு மேல் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மூத்த அதிகாரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். முதலில் ஆட்சேபணை வந்தது உண்மை. பிறகு பொதுமக்கள் எல்லோரும் சேர்ந்து, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள், காலனி மக்களின் கையெழுத்தும் இதில் இருக்கிறது என்று தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் எழுந்து மேடைக்குப் போனாள். தாள்களைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒரு தாளில் அவள் கை நின்றுவிட்டது. அது எந்தத் தாள் என்று இருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"இது எங்க கையெழுத்துதானுங்க. ஆனா இந்தக் காயிதத்துக்கு நாங்க போடலைங்க. வேண்டாம்னு எழுதுன மனுவுக்குப் போட்டதுங்க."

அதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். கையெழுத்தை யார் வாங்கினார்கள் என்றும் கேட்டார். அவள் திரும்பினாள். அந்த நேரத்தில்கூட அவள் முகத்தில் என்மேல் சந்தேகம் இல்லை. ஆள் கிடைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

"அந்த அக்காதானுங்க ஊடு ஊடா வந்து வாங்குனாங்க. எங்கப்பனுக்கு முழுசாப் படிச்சுக்கூடக் காட்டுனாங்க. அவங்களையே கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்து, நீங்க சொல்லுங்கம்மா என்றார். நான் எழுந்து நின்றேன். வலப்பக்கம் முன்வரிசையில் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எங்கள் தெரு ஆட்கள், என் அண்ணன், பங்காளிகள், என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள். உண்மையைச் சொன்னால் அவர் மேல் கேஸ் வரும் என்று தோன்றியது.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

அவள் கத்தவில்லை, திட்டவில்லை. தாள்களை மேசையில் வைத்துவிட்டு இறங்கி, கடைசி வரிசைக்குப் போய், அப்பாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். காலனி ஆட்கள் எல்லோரும் அவள் பின்னால் வெளியே போனார்கள். என் பக்கத்து நாற்காலியில் அவளுடைய நோட்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. காலனிக்காரர்கள் மில் வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆளும் போகவில்லை. போலீஸ் வந்து எழுப்பியது. டீச்சரை அன்னூர்ப் பக்கம் தொலைவாக ஓர் அங்கன்வாடி மையத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மில் காட்டைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். தடம் மூடிப்போனது. காலனிப் பிள்ளைகள் லாரிகள் போகும் பைபாஸ் ஓரமாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார்கள். சொன்னபடியே பள்ளத்துக்குக் குழாய் போட்டார்கள். ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு குழாய்.

வளாகம் திறந்த வருடம் ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. குழாய் கொள்ளாத தண்ணீர் திரும்பிக் காலனிக்குள் புகுந்தது. அவளுடைய அப்பா அப்போது எழ முடியாமல் படுத்த படுக்கையாக இருந்தார். கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்ததாகச் சொன்னார்கள். இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்துவிட்டு, சிங்காநல்லூரில் இருந்த சித்தி வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வேலையையும் விட்டுவிட்டாள். அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம் என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி எடுத்துக்கொண்டு கேட் வரை போனேன். உள்ளே போகத் தைரியம் வராமல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன்.

தை மாதம் அவர் இறந்துபோனார். ஊருக்குக் கொண்டுவரவில்லை. அங்கேயே காரியம் முடித்துவிட்டார்கள். எனக்கு எழவுச் சேதி சொல்லவில்லை. எட்டு நாள் கழித்து, இறப்புச் சான்றிதழ் சம்பந்தமாகக் காலனி ஆள் ஒருவர் நகலெடுக்க வந்தபோதுதான் தெரிந்தது. அவர் நீட்டிய பழைய மில் அடையாள அட்டையில் அந்த மனிதரின் இளவயதுப் போட்டோ இருந்தது. மெஷினின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வந்தவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்த வாரமே உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்து வாங்கியது நான், வளாகம் வேண்டாம் என்று படித்துக் காட்டித்தான் வாங்கினேன், அதை நகலெடுத்துக் கொடுத்ததும் நான், கூட்டத்தில் நான் சொன்னது பொய் என்று இரண்டு பக்கம். கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டி முடிச்சுத் திறந்தே மூணு மாசமாச்சுங்களே. இப்ப இதை வெச்சு என்னங்க பண்றது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. ஒப்புகைச் சீட்டில் முத்திரை வைத்துக் கொடுத்தார். இன்று வரை வேறு பதில் வரவில்லை.

என் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமல்லோ அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். இப்போது அவருடைய கடை வளாகத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. நான் அதற்குள் கால் வைத்ததில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். உப்பு இருக்கிறதா, மோட்டார் போடட்டுமா என்பது போன்ற பேச்சுகள்தான்.

பங்குனியில் ஒருநாள் விசாரித்து விசாரித்துச் சிங்காநல்லூர் போனேன். குளத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்து. மாடியில் ஒற்றை அறை. அவள் ஒரு கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அன்று விடுமுறை. கதவைத் திறந்தவள் மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. வாங்க என்றாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். சுவரில் அப்பாவின் படம், பெரிதாக்கிய அதே மில் போட்டோ.

நான் பேச ஆரம்பித்து, பாதியில் அழுகை வந்து, பேச முடியாமல் போனது. கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். ஒப்புகைச் சீட்டைக் கூட எடுத்து நீட்டினேன். எதற்காக அதைப் பையில் எடுத்துப் போனேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கேள்விப்பட்டனுங்க்கா. எங்கப்பன் சாகற வரைக்கும் உங்களை ஒரு வார்த்தை சொல்லலை. அம்மணிக்கு மெய்யாலுமே மறந்துதான் போயிருக்கும், எத்தனை காயிதம் பாக்கறாங்கன்னு சொல்லீட்டே இருந்தாரு. எனக்குத் தெரியும், உங்களுக்கு மறக்கலைன்னு. அவருகிட்ட நான் சொல்லலை."

அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. காப்பகத்தில் எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன், சொன்னாள். என் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததா என்று கேட்டாள், முடிந்துவிட்டது என்றேன். நல்லதுங்க என்றாள். தனக்கு ஏன் கல்யாணப் பத்திரிகை அனுப்பவில்லை என்று அவள் கேட்கவில்லை. நான் வாங்கிப் போயிருந்த பழங்களை அப்பா படத்தின் முன்னால் வைக்காமல் சன்னலோரம் வைத்தாள்.

பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தாள். வெயிலில் என் பக்கம் நிழல் இருக்கும்படி தள்ளி நடந்தாள். காந்திபுரம் பஸ் வந்தது. கூட்டம் அதிகம். அவள் என் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, நான் படியில் ஏறியதும் கையில் கொடுத்தாள்.

"ஏறிட்டீங்களா? போங்க்கா" என்றாள்.

எங்கள் பக்கம் எழவு வீட்டைத் தவிர எங்கேயும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். விசில் ஊதிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது அவள் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு காந்திபுரம் வரை நின்றுகொண்டே வந்தேன்.